கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் மியூசியம் ரிவ்யூ: ஆட்டக்காரங்க நடுவுல ஒரு அரசியல்வாதி

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நியூயார்க் மாநிலத்துல கூப்பர்ஸ்டவுன்ல இருக்கற நேஷனல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். நியூ ஜெர்சி பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேர், பையன் லிட்டில் லீக் ஆடறான்னு கூட்டிட்டுப் போவாங்க, போயிட்டு வந்து "பேட் இருந்துச்சு, பால் இருந்துச்சு, தொப்பி வாங்கினோம்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. நான் குடுக்கற நாலு ஸ்டார் அந்த பேட் பாலுக்கு இல்ல. கிரிக்கெட் பாத்தே வளர்ந்த நமக்கு பேப் ரூத் எத்தனை ஹோம் ரன் அடிச்சார்ங்கறது மனசுல அவ்வளவா ஒட்டாது, ஆனா ஒரு விளையாட்டை யாரு நடத்துறாங்க, ஓனர் யாரு, தலைவர் யாரு, யாரு யாரைக் கவுத்தாங்கங்கற கதை ஒட்டும், ஏன்னா அதைத்தான நாம தினமும் பேப்பர்ல படிக்கறோம். அந்தக் கதை இந்த மியூசியத்துல கொட்டிக் கெடக்கு, தேடிப் பாக்கணும், அவ்வளவுதான்.

முதல்ல இடத்தப் பத்தி. நியூயார்க் சிட்டியில இருந்து கார்ல நாலு மணி நேரம் ஆகும், டிராஃபிக் இருந்தா இன்னும் மேல. அந்த ஊருக்கு ரயில் கெடயாது, கார் இல்லாம போறது கஷ்டம். ஊரே ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல் இருக்கற ஊரு, பக்கத்துல ஒட்சேகோ ஏரி, மெயின் ஸ்ட்ரீட் முழுக்க பேஸ்பால் கார்டு கடையும் பேட் கடையும்தான். இந்தக் குட்டி ஊர்ல எதுக்கு இவ்வளவு பெரிய மியூசியம்னு கேட்டீங்கன்னா, 1839ல ஏப்னர் டபுள்டேன்னு ஒருத்தர் இங்கதான் பேஸ்பாலைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை இருந்துச்சு, அந்தக் கதையை நம்பி 1939ல மியூசியத்தைத் தொறந்துட்டாங்க, அப்புறம் பாத்தா அது கட்டுக்கதைன்னு ஆராய்ச்சியாளருங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. கதை போச்சு, மியூசியம் நின்னுடுச்சு. நம்ம ஊர்ல எத்தனை தலபுராணம் இப்படி இருக்கு, அதனால எனக்கு இதுல பெரிய வருத்தம் ஒண்ணும் இல்ல.

உள்ள மூணு மாடி. மேல ரெண்டு மாடியில காலவாரியா சட்டை, கிளவ்ஸ், போட்டோ, வீடியோன்னு போகும், பசங்களுக்கு அது போதும். பெரியவங்க கண்டிப்பா நேரம் ஒதுக்க வேண்டியது கீழ் மாடியில இருக்கற தகடு கேலரிக்குத்தான். நீளமான ஹால், ரெண்டு பக்கமும் வெண்கலத் தகடு, ஒவ்வொண்ணுலயும் ஒரு முகம், முகத்துக்குக் கீழ சில வரி. இந்த ஆட்டத்துக்குச் செஞ்சதுக்காக கௌரவிச்சுச் சேத்தவங்க 350 பேர் கிட்ட இருக்காங்க, எந்த வருஷம் சேத்தாங்களோ அந்த வரிசையில மாட்டியிருக்காங்க. பெரும்பாலும் ஆட்டக்காரங்க, மேனேஜருங்க, கொஞ்சம் அம்பயருங்க, கொஞ்சம் ஓனருங்க. இதுல 1982 வரிசையில போய் நில்லுங்க. அங்க ஆல்பர்ட் பெஞ்சமின் சாண்ட்லர்னு ஒரு முகம் இருக்கும், "ஹேப்பி" சாண்ட்லர்னு சொன்னாத்தான் அமெரிக்காக்காரங்களுக்கே தெரியும். மேஜர் லீக்ல, அதாவது அங்கத்த உச்ச மட்டப் போட்டியில, ஒரு பந்து கூட ஆடாத ஆளு. கென்டக்கி மாநிலத்துக்கு ரெண்டு தடவை கவர்னர் (அங்க கவர்னர்னா ஜனங்க ஓட்டுல ஜெயிச்சு வர்றவர், நம்ம முதலமைச்சர் மாதிரி), ஒரு தடவை அமெரிக்க செனட்டர், நடுவுல 1945ல இருந்து 1951 வரைக்கும் பேஸ்பாலுக்கே கமிஷனர், அதாவது ஓனருங்க சேந்து போடற தலைவர். மேஜர் லீக்ல நெறத் தடைய உடைச்ச கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் உள்ள வந்தது இவரு இருக்கும்போதுதான்.

தகட்டுல எழுத இடம் கொஞ்சம்தான், சில வரியில ஒருத்தரோட 92 வருஷத்த எப்படி அடக்கறது. அதனால போறதுக்கு முன்னாடி இவர் கதையத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்கன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூவே. எனக்கு இவர்மேல ஒரு ஈர்ப்பு, ஏன்னா அசல் அரசியல்வாதி, அக்மார்க், நம்ம ஊர்ல பொறந்திருந்தா மூணு கட்சி மாறி நாலு தடவை மந்திரி ஆகியிருப்பார்.

1898 ஜூலை 14ல கென்டக்கியில கோரிடன்ங்கற சின்ன ஊர்ல பொறந்தார். இவரு சின்னக் குழந்தையா இருக்கும்போதே அம்மா வீட்ட விட்டுப் போயிட்டாங்க, அப்பாதான் வளத்தார். லெக்சிங்டன்ல டிரான்சில்வேனியா காலேஜுக்கு வரும்போது கையில ஒரு செவப்பு ஸ்வெட்டர், அஞ்சு டாலர் நோட்டு, முகத்துல ஒரு சிரிப்பு, இவ்வளவுதான் இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் மேடைக்கு மேடை சொல்லிட்டு இருந்தார். அந்தச் சிரிப்ப வெச்சுத்தான் காலேஜ்ல "ஹேப்பி"ன்னு பேர் வெச்சாங்க. படிச்சது சட்டம், ஒரு வருஷம் ஹார்வர்ட்ல, அப்புறம் காசுக்குக் கட்டுப்படியாகாம கென்டக்கி யூனிவர்சிட்டிக்கு வந்து 1924ல டிகிரி முடிச்சார், பக்கத்து ஊரான வெர்செய்ல்ஸ்ல வக்கீல் ஆஃபீஸ் போட்டுட்டு கூடவே ஸ்கூல் பசங்களுக்கு கோச்சா இருந்தார். ஆள் நல்லா பாடுவார், மேடையில பேச்சு பாதி பாட்டு பாதி, ஜனங்க பேரைச் சொல்லிக் கூப்புடுவார், குழந்தைங்களத் தூக்குவார். 1929ல மாநில செனட், 1931ல லெஃப்டினன்ட் கவர்னர், அதாவது துணை கவர்னர். படபடன்னு ஏறிட்டார்.

இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கட்டம். அப்போ கவர்னரா இருந்தவர் ரூபி லஃபூன், விற்பனை வரி போடணும்னு நின்னவர், சாண்ட்லர் கூடாதுன்னு எதிர்த்தவர், ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆனா எலியும் பூனையும். லஃபூன் ஆளுங்க சேந்து சாண்ட்லர் பதவிக்கு இருந்த அதிகாரத்தையெல்லாம் புடுங்கிட்டாங்க. அடுத்த கவர்னர் வேட்பாளரா லஃபூன் தன்னோட ஆளு தாமஸ் ரேயைக் கொண்டு வரப் பாத்தார், ஓட்டெடுப்பு வெச்சா சாண்ட்லர் வந்துடுவாரேன்னு கட்சி மாநாட்டுலயே வேட்பாளரை முடிவு பண்ணிடலாம்னு ஏற்பாடு. கென்டக்கி சட்டத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, கவர்னர் மாநிலத்த விட்டு வெளிய போனா அந்த நேரத்துக்கு லெஃப்டினன்ட் கவர்னர்தான் கவர்னர். 1935 பிப்ரவரியில லஃபூன் வாஷிங்டனுக்குக் கெளம்பினார். அவரு எல்லையத் தாண்டினதும் சாண்ட்லர் "நான்தான் இப்ப கவர்னர்"னு சட்டசபைய அவசரமாக் கூட்டிட்டார், வேட்பாளரை ஜனங்க ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கணும்னு சட்டம் கொண்டு வர. லஃபூன் அரக்கப் பரக்க திரும்பி வந்து அந்த உத்தரவு செல்லாதுன்னு அறிவிச்சார், கோர்ட்டு செல்லும்னுடுச்சு. அப்புறம் என்ன, ரேயை ஓட்டுல தோக்கடிச்சு 37 வயசுல கவர்னர். கூவத்தூர் பாத்த நமக்கு இதெல்லாம் புதுசு இல்லன்னாலும், ஒரு மனுஷன் ஊருக்குப் போன கேப்ல ஆட்சியப் புடிக்கறதுங்கறது தனி லெவல்.

சும்மா சொல்லக்கூடாது, கவர்னரா வேலையும் பாத்தார். விற்பனை வரிய எடுத்தார், அதுக்குப் பதிலா விஸ்கிக்கும் வருமானத்துக்கும் வரி போட்டார், அரசாங்க டிபார்ட்மென்ட் எல்லாத்தையும் கலைச்சு ஒழுங்கா அடுக்கினார், மாநிலக் கடனைக் குறைச்சார். ஆனா ஆளுக்கு அங்கயே உக்கார முடியல. 1938ல சொந்தக் கட்சி செனட்டர் ஆல்பென் பார்க்லியை எதிர்த்து நின்னார், பார்க்லி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோட வலது கை. ரூஸ்வெல்ட்டே பார்க்லிக்காக பிரசாரம் பண்ண ரயில்ல கென்டக்கி வந்தார், கவர்னர்ங்கற முறையில வரவேற்க சாண்ட்லர் போனார், போனவர் திறந்த காருல டக்குன்னு ஏறி ரூஸ்வெல்ட்டுக்கும் பார்க்லிக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டார்! ரோட்டோரம் நின்ன கூட்டம் ரூஸ்வெல்ட்டுக்குக் கை தட்ட, இவரு தனக்குத் தட்டின மாதிரி ரெண்டு பக்கமும் கை ஆட்டிக்கிட்டே போயிருக்கார். அதே பிரசாரத்துல உடம்பு சரியில்லாமப் போய், எனக்குக் குடுத்த ஐஸ் தண்ணியில யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு இவரு தரப்பு சொல்ல, பார்க்லி மேடையில தண்ணி குடிக்கும்போதெல்லாம் அதையே நக்கல் பண்ணி ஓட்டு வாங்கிட்டார். சாண்ட்லர் தோத்தார்.

தோத்தா சும்மா இருப்பாரா. 1939 அக்டோபர்ல கென்டக்கியோட இன்னொரு செனட்டர் மார்வெல் லோகன் இறந்துட்டார். காலி இடத்துக்கு ஆள் போடற அதிகாரம் கவர்னருக்கு, தன்னைத் தானே போட்டுக்கிட்டா அசிங்கம், அதனால சாண்ட்லர் கவர்னர் பதவிய ராஜினாமா பண்ணார், லெஃப்டினன்ட் கவர்னர் கீன் ஜான்சன் கவர்னர் ஆனார், ஆன கையோட சாண்ட்லரை செனட்டராப் போட்டார். அப்புறம் 1940லயும் 1942லயும் ஜனங்க கிட்டயே போய் ஜெயிச்சார், அது வேற விஷயம். யுத்த காலத்துல இவரு வீட்டுல ஒரு கான்ட்ராக்டர் ஸ்விம்மிங் பூல் கட்டிக் குடுத்தது பெரிய சர்ச்சையாச்சு, செனட் கமிட்டி விசாரிச்சு தப்பு இல்லன்னு விட்டுடுச்சு.

இப்ப பேஸ்பாலுக்கு வர்றேன். 1920ல இருந்து கமிஷனரா இருந்தவர் கெனசா மவுன்டன் லேண்டிஸ்னு ஒரு ஜட்ஜ், சூதாட்டத்துல மாட்டின எட்டு ஆட்டக்காரங்களை ஆயுசுக்கும் தடை பண்ணவர், அவர் வெச்சதுதான் சட்டம். அவர் காலம் முழுக்க மேஜர் லீக்ல ஒரு கறுப்பின ஆட்டக்காரர் கூட இல்ல. 1944 நவம்பர்ல அவர் இறந்ததும் ஓனருங்களுக்கு அப்பாடான்னு இருந்திருக்கும், இனிமே நம்ம சொல் கேக்கற ஆளா, வாஷிங்டன்ல செல்வாக்கு உள்ள ஆளா போடலாம்னு தேடினாங்க. நியூயார்க் யாங்கீஸ் ஓனர்ல ஒருத்தரான லாரி மெக்ஃபெயில் சாண்ட்லர் பேரைத் தள்ளினார். 1945 ஏப்ரல் 24ல தேர்ந்தெடுத்தாங்க, ஏழு வருஷ கான்ட்ராக்ட், வருஷத்துக்கு 50,000 டாலர். செனட்டர் பதவிய உடனே விடல, நவம்பர் 1 வரைக்கும் அதுலயும் இருந்தார், ஒரே நேரத்துல ரெண்டு நாற்காலியான்னு பத்திரிகைங்க கிழிச்சிடுச்சு. நமக்கு இதுல என்ன தப்புன்னே புரியாது. சரத் பவார் மத்திய விவசாய மந்திரியா இருந்துக்கிட்டே பிசிசிஐ தலைவரா இருந்தார், அதுக்கும் ரொம்ப முன்னாடி நம்ம சென்னை மாகாண பிரதம மந்திரியா இருந்த குமாரமங்கலம் ஜமீன் டாக்டர் சுப்பராயன் 1938ல இருந்து 1946 வரைக்கும் கிரிக்கெட் போர்டு தலைவர். ஆனா ஒரு வித்தியாசம். இங்க கமிஷனர்ங்கறது கௌரவப் பதவி இல்ல, முழு நேர சம்பள வேலை, சம்பளம் குடுக்கறவங்க அன்னிக்கு மேஜர் லீக்ல இருந்த பதினாறு டீமோட ஓனருங்க. சம்பளம் குடுக்கறவனுக்கே தண்டனை குடுக்கற வேலை. இத மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

பதவி கெடச்ச உடனே கறுப்பினப் பத்திரிகைக்காரங்க வந்து கேட்டாங்க, உங்க நிலை என்னன்னு. கறுப்பினப் பையன் ஓகினாவாவுலயும் குவாடல்கனால்லயும் போய்ச் சண்டை போட முடியும்னா பேஸ்பாலும் ஆட முடியும்னு பதில் சொன்னார். தெக்கத்தி மாநில செனட்டர், இனப் பிரிவினை சட்டங்க இருக்கற ஊர்க்காரர், அவர் வாயில இருந்து இது வந்தது எல்லாருக்கும் ஆச்சரியம். அதே வருஷம் அக்டோபர்ல புரூக்ளின் டாட்ஜர்ஸ் நடத்தின பிரான்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சனை முதல்ல மான்ட்ரியல்ல இருந்த மைனர் லீக் (கீழ் மட்டப் போட்டி) டீமுக்கு ஒப்பந்தம் பண்ணார். 1947 ஏப்ரல் 15ல ராபின்சன் புரூக்ளினுக்காக மைதானத்துல எறங்கினார், மீதி உலகத்துக்கே தெரியும்.

சாண்ட்லர் பங்கு என்னங்கறதுதான் இதுல கேள்வி. அவரே வயசான காலத்துல திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது: 1947 ஜனவரியில நியூயார்க் வால்டோர்ஃப் ஹோட்டல்ல ஓனருங்க கூடி கறுப்பின ஆட்டக்காரரைச் சேக்கறத 15க்கு 1ன்னு எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க, ரிக்கி மட்டும் தனியா நின்னார், அப்புறம் ரிக்கி வெர்செய்ல்ஸ்ல சாண்ட்லர் வீட்டுக்கே வந்து நீங்க துணை நிக்கலன்னா நடக்காதுன்னார், நாளைக்குக் கடவுள் முன்னாடி நிக்கும்போது ஏன் அந்தப் பையனை ஆட விடலன்னு கேட்டா, கறுப்பா இருந்தான் அதான்னு சொன்னா அது பதிலாகுமான்னு யோசிச்சு சரின்னுட்டேன். கேக்க நல்லா இருக்கு. ஆனா அப்படி ஒரு ஓட்டெடுப்பு நடந்ததுக்கு கூட்டக் குறிப்பு எதுவும் கெடைக்கல, ஓனருங்க சிலர் நடக்கவே இல்லன்னாங்க, ஆராய்ச்சியாளருங்களும் இன்னும் அடிச்சுக்கறாங்க. உறுதியா இருக்கறது, 1946 ஆகஸ்ட்ல மெக்ஃபெயில் தலைமையில ஓனருங்க தயார் பண்ண ஒரு ரகசிய ரிப்போர்ட். கறுப்பின ஆட்டக்காரங்க வந்தா கறுப்பின ரசிகருங்க கூட்டம் அதிகமாகி டீமோட மதிப்பு எறங்கிடும்ங்கற ரேஞ்சுல அதுல எழுதியிருக்கு. ஓனருங்க காப்பியெல்லாம் காணாமப் போச்சு, சாண்ட்லர் மட்டும் தன்னோட காப்பியப் பத்திரமா வெச்சிருந்தார். அரசியல்வாதி பேப்பரைத் தூக்கிப் போடமாட்டான்!

என்னோட கணக்கு இதுதான், ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம். கதவைத் தொறந்தவர் ரிக்கி, உள்ள நடந்து அடி வாங்கினவர் ராபின்சன். சாண்ட்லர் வாசல்ல நின்னுக்கிட்டு கதவை மூடாம விட்டவர். மூடியிருந்தா ஓனருங்க மாலை போட்டிருப்பாங்க, வேலையும் நெலச்சிருக்கும், எந்தக் கோர்ட்டும் அன்னிக்கு அவரைக் கேட்டிருக்காது. லேண்டிஸ் வாய் தொறக்காமயே 24 வருஷம் கதவைப் பூட்டி வெச்சிருந்தார்ல, அதே மாதிரி ஒரு வார்த்தை பேசாம கெடப்புல போட்டிருக்கலாம். போடல. ராபின்சன் வந்த முதல் வாரத்துலயே பிலடெல்பியா டீம் மேனேஜர் பென் சாப்மன் மைதானத்துல நின்னு கேவலமாத் திட்டினப்போ, இனிமே இப்படி நடந்தா நடவடிக்கைன்னு பிலடெல்பியாவுக்கு எச்சரிக்கையும் விட்டார். இதுக்கு எவ்வளவு மார்க்கோ அவ்வளவு மார்க் போடுங்க, பின்னாடி அவரே ஊதின பலூன் அளவுக்கும் வேண்டாம், ஒண்ணுமே பண்ணலன்னும் வேண்டாம்.

மத்ததெல்லாம் சுருக்கமா. அதே 1947 சீசன் ஆரம்பிக்க சில நாள் முன்னாடி டாட்ஜர்ஸ் மேனேஜர் லியோ டுரோச்சரை ஒரு வருஷம் சஸ்பெண்ட் பண்ணார், சூதாட்டக்காரங்களோட பழக்கம்னு காரணம், தண்டனை அதிகம்னு இன்னிக்கும் சொல்றவங்க இருக்காங்க, அதே விவகாரத்துல யாங்கீஸுக்கும் அபராதம் போட்டதால தன்னைக் கொண்டு வந்த மெக்ஃபெயிலையே பகைச்சுக்கிட்டார். மெக்சிகோவுல பாஸ்குவெல்ங்கற பணக்காரர் அதிக சம்பளம் காட்டி ஆட்டக்காரங்களை இழுத்தப்போ, போனவங்களுக்கு அஞ்சு வருஷத் தடைன்னார், அதுல டேனி கார்டெல்லா கேஸ் போட, கேஸ் ஜெயிச்சா ஆட்டக்காரங்கள ஒரே டீமோட கட்டிப் போட்டு வெச்சிருக்கற முறையே ஒடஞ்சிடும்னு பயந்து 1949ல எல்லாரையும் மன்னிச்சு உள்ள விட்டுட்டாங்க. இதுல சாண்ட்லர் ஓனர் பக்கம்தான், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆனா ஆட்டக்காரங்களுக்கு பென்ஷன் வந்ததும் இவரு காலத்துலதான், 1947ல. வேர்ல்ட் சீரிஸ்ங்கற வருஷக் கடைசி ஃபைனலோட ரேடியோ காசையும் ஆல் ஸ்டார் மேட்ச் காசையும் அதுக்குத் திருப்பி விட்டாங்க, பத்து வருஷம் ஆடினவங்களுக்கு 50 வயசுல இருந்து மாசம் 100 டாலர். 1950 டிசம்பர்ல ஜில்லெட் கம்பெனியோட டிவி ஒப்பந்தம், ஆறு வருஷத்துக்கு 60 லட்சம் டாலர். ஐபிஎல் டிவி உரிமைக் கணக்குல பொழுது விடிஞ்சு பொழுது போற நமக்கு இது சில்லறை, ஆனா ஆட்டத்த விக்கறதுல இருந்து ஆட்டக்காரனுக்கு ஒரு பங்குங்கற பழக்கம் அங்க ஆரம்பிச்சுடுச்சு.

அந்த டிவி ஒப்பந்தம் போட்ட அதே மாசம்தான் வேலைக்கு உலை வெச்சாங்க. பதவி நீட்டிக்க 16 ஓட்டுல 12 வேணும், விழுந்தது 9. 1951 மார்ச்சுல திரும்ப ஓட்டு, திரும்பவும் 9க்கு 7. பெரும்பான்மை இவரு பக்கம், ஆனாலும் வேலை போச்சு. செயின்ட் லூயிஸ் ஓனர் ஃப்ரெட் சை, யாங்கீஸ் ஓனர் டெல் வெப், ரெண்டு பேரோட வெளி வியாபாரத்தையும் சாண்ட்லர் தோண்டிட்டு இருந்தார், அவங்கதான் முன்ன நின்னு கவுத்தது. ராபின்சனுக்காக என்னைத் தூக்கினாங்கன்னு அவர் பின்னாடி சொன்னாலும், என் பார்வைக்கு இது முதலாளிங்க மடியில கை வெச்சதோட பலன். ஜூலை 15ல ராஜினாமா, அடுத்து நேஷனல் லீக் தலைவர் ஃபோர்ட் ஃப்ரிக் வந்தார். அவரும் இதே கேலரியில இருக்கார், 1970 வரிசையில.

ஊருக்குத் திரும்பிப் போனவர் 1955ல மறுபடி கவர்னர். உங்க அப்பன் மாதிரி நீயும் ஹேப்பிக்கே ஓட்டுப் போடுன்னு எதுகை மோனையோட கோஷம். 1956 செப்டம்பர்ல ஸ்டர்ஜிஸ்ங்கற ஊர்ல கறுப்பினப் பசங்க ஸ்கூலுக்குள்ள போக விடாம கூட்டம் மறிச்சப்போ மாநிலத்தோட நேஷனல் கார்டு படைய டாங்கியோட அனுப்பி உள்ள கூட்டிட்டுப் போக வெச்சார். மறு வருஷம் ஆர்கன்சா கவர்னர் அதே படையைப் பசங்களத் தடுக்கறதுக்கு நிறுத்தினார்ங்கறத பக்கத்துல வெச்சுப் பாருங்க. சரி, ஆள் தங்கம்னு முடிவுக்கு வந்துடாதீங்க. இனப் பிரிவினைக்காகவே ஜனாதிபதி தேர்தல்ல தனியாப் பிரிஞ்சு நின்ன ஸ்ட்ராம் தர்மண்டை 1948ல ஆதரிச்சவர், அதாவது ராபின்சன் புரூக்ளின்ல ஆடிட்டு இருக்கும்போதே. 1968ல இனப் பிரிவினைக்குப் பேர் போன அலபாமா அரசியல்வாதி ஜார்ஜ் வாலஸ் ஜனாதிபதி தேர்தல்ல துணை ஜனாதிபதி வேட்பாளரா இவரைப் பேசி வெச்சார், வாலஸோட ஆளுங்களே "கறுப்பங்களை பேஸ்பால்ல விட்டவனாச்சே"ன்னு சண்டைக்கு வந்ததால கைவிட்டுட்டார். வாலஸ் கூடப் போகவும் ரெடி, ராபின்சனை விட்டதுக்காக அங்க சேத்துக்கவும் இல்ல, இப்படி ஒரு நெலம எவனுக்கு வரும்! 1988ல, 89 வயசுல, கென்டக்கி யூனிவர்சிட்டி டிரஸ்டி கூட்டத்துல ஜிம்பாப்வே பத்திப் பேசும்போது கறுப்பின மக்களைச் சொல்லவே கூடாத வார்த்தையில சொன்னார், மாணவருங்க ஊர்வலம் போனாங்க, ராஜினாமா பண்ணுன்னாங்க, பண்ணல. 1991 ஜூன் 15ல இறந்தார். அதே யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு இவரு பேருதான், அந்த மெடிக்கல் காலேஜ் வர்றதுக்கு முட்டி மோதினதும் இவர்தான்.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு கேலரியில நடந்தீங்கன்னா ஒவ்வொரு தகடும் பேசும். நான் சொல்ற ரூட்டு: 1944 லேண்டிஸ், அப்புறம் 1962 ராபின்சன், 1967 ரிக்கி, 1982 சாண்ட்லர். இந்த நாலு பேரையும் இந்த வரிசையில பாருங்க. கதவைப் பூட்டினவருக்குத்தான் முதல் தகடு, செத்த கையோட குடுத்துட்டாங்க, தொறக்க விட்டவருக்கு வேலை போய் 31 வருஷம் கழிச்சு. ராபின்சன் தகட்டுல இன்னொரு விசேஷம் இருக்கு. 1962ல வெச்சதுல அவரோட ஆட்டக் கணக்கு மட்டும்தான் இருந்துச்சு, நெறத் தடைய உடைச்சவர்ங்கற பேச்சே இல்ல, தன்னை ஆட்டத்த வெச்சு மட்டும் எடை போடணும்னு அவரே நெனச்சாராம். 2008ல அந்தத் தகட்டை மாத்திப் புதுசா எழுதி வெச்சாங்க, இப்போ நீங்க பாக்கறது அது. தகட்டையும் திருத்தி எழுதலாம்னு ஒத்துக்கிட்ட மியூசியம், அதுக்காகவே எனக்குப் புடிக்கும். லேண்டிஸ் பேரும் சிறந்த ஆட்டக்காரர் விருதுல இருந்து 2020ல எடுத்தாச்சு, ஆனா கேலரியில தகடு இருக்கு, இருக்கட்டும், எடுத்துட்டா கதை புரியாது.

கென்டக்கி செனட்டர் இன்னொருத்தரும் அங்க இருக்கார், ஜிம் பன்னிங், 1996 வரிசை. அவர் நெஜமாவே பெரிய பிட்சர் (பந்து வீசறவர்), ஆடி முடிச்சுட்டு அரசியலுக்குப் போனவர். மேல் மாடியில கறுப்பின பேஸ்பால் வரலாறுக்குன்னே தனி பகுதி இருக்கு, அதுக்கு அவசரப்படாம நேரம் குடுங்க, மாலையில களைச்சுப் போய்ப் பாக்கற விஷயம் இல்ல அது. ஆர்வம் ஜாஸ்தி உள்ளவங்களுக்கு ஆராய்ச்சி லைப்ரரியும் இருக்கு, முன்கூட்டியே எழுதிக் கேட்டுட்டுப் போகணும்.

கடைசியா நடைமுறை விஷயம். ஜூலை கடைசியில புதுசா ஆளுங்களச் சேக்கற வாரம் வரும், அப்ப மட்டும் போகாதீங்க, அந்தக் குட்டி ஊர்ல நிக்க இடம் இருக்காது, ரூம் வாடகை எங்கயோ போயிடும். நாங்க தங்கின மோட்டல் பேர் வேண்டாம், போர்வை வாசனைய இன்னும் மறக்கல, அதனால நல்லா விசாரிச்சுப் போடுங்க. கோடையில ஊருக்கு வெளிய காரை விட்டுட்டு டிராலி பஸ்ல வர்றது நிம்மதி. டிக்கெட் விலையும் நேரமும் சீசனுக்குத் தகுந்த மாதிரி மாறும், அவங்க வெப்சைட்ல பாத்துக்கங்க. புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிட்டுப் போனீங்கன்னா ஏரிக்கரையில பார்க் இருக்கு, உக்காந்து சாப்பிடலாம். மியூசியம் கடையில ஒவ்வொரு தகடுக்கும் போஸ்ட்கார்டு விக்கறாங்க, மலிவு, பசங்களுக்கு அதையே வாங்கிக் குடுங்க, மெயின் ஸ்ட்ரீட்ல கார்டு கடைக்குள்ள விட்டீங்கன்னா பர்ஸ் காலி.